பழைய அலகுக்குப் புதிய கொஷிராயே: எங்கிருந்து தொடங்குவது?

2023 ஜனவரி 14 (கேள்வி)

ஜப்பானிய வாள்களைச் சேர்க்கத் தொடங்கியிருக்கும் எனக்கு ஓர் ஐயம். சென்ற ஆண்டு வாகிசாஷி என்ற குட்டை வாள் ஒன்று வாங்கினேன். அலகின் நீளம் 1 ஷாகு 6 சுன், அதாவது ஏறத்தாழ 48.5 செ.மீ. செய்தவர் பெயர் பொறிக்கப்படவில்லை. முரோமாச்சிக் காலத்தின் இறுதியைச் (16ஆம் நூற்றாண்டு) சேர்ந்தது, மினோ நாட்டு வாள்கொல்லர் மரபில் வந்தது என்று ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கத்தின் ஹோசோன் சான்றிதழ் கூறுகிறது. வெறும் ஷிராசாயாவில்தான் இருக்கிறது. இதை வாங்குவதற்கு முன்பே பூவேலை செய்த த்சுபா ஒன்றும், பொன் மினுங்கும் ஃபுச்சி, கஷிரா இணை ஒன்றும் ஏலத்தில் மலிவாகக் கிடைத்தன. இவற்றைக் கொண்டு முழுக் கொஷிராயே செய்யச் சொல்லலாமா? நானூறு ஆண்டுக்கு மேல் பழைய அலகுக்கு இன்றைக்கு ஒரு பிடியும் உறையும் செய்து மாட்டுவது போலிப் பழம்பொருளை உண்டாக்குவது ஆகாதா?

2023 ஜனவரி 15

செய்யலாம். ஆனால் நீங்கள் வாங்கிய வரிசை தலைகீழானது. லாடம் கிடைத்ததென்று குதிரை வாங்கப் போனவன் கதைதான். நல்ல வேளையாகக் குதிரை நன்றாக அமைந்துவிட்டது, லாடந்தான் அதன் காலுக்குச் சேராது.

புதிதாகப் படிக்க வருபவர்களுக்காக ஒரு முறை சொல்லிவிடுகிறேன். ஷிராசாயா என்பது ஹோ என்ற மக்னோலியா வகை மரத்தில், பூச்சு ஏதும் இல்லாமல் செய்யப்படும் பாதுகாப்பு உறை. வாள் பயன்பாட்டில் இல்லாதபோது அதில் கிடக்கும். கொஷிராயே என்பது இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போவதற்கான முழு அமைப்பு: உருஷி மரப்பால் பூசிய உறை, திருக்கைத் தோல் போர்த்தி அதன் மேல் பட்டு நாடா சுற்றிய பிடி, கையைக் காக்கும் த்சுபாத் தட்டு, பிடியின் இரு முனைகளையும் மூடும் ஃபுச்சி, கஷிரா, நாடாவுக்கு அடியில் இருபுறமும் செருகப்படும் மெனுகி என்ற சிறு சிற்பங்கள், இவை அனைத்தையும் அலகோடு பிணைத்து நிறுத்தும் ஒரே ஒரு மூங்கில் ஆணி.

பிடியும் உறையும் கடையில் வாங்கி மாட்டிக்கொள்ளும் பொருள்கள் அல்ல. ஒவ்வோர் அலகும் அதற்கே உரிய வளைவும் தடிமனும் கொண்டது. பிடிக்குள் மறையும் நகாகோ என்ற அடிப்பகுதி குறுகிச் செல்லும் விதமும் வாளுக்கு வாள் மாறும். ஆகவே மரவேலை அலகிலிருந்துதான் தொடங்கும். த்சுபாவும் ஃபுச்சியும் மரத்துக்குப் பொருந்த வேண்டும், மரம் அலகுக்குப் பொருந்த வேண்டும். உங்களிடம் உள்ள பொன்வேலை 19ஆம் நூற்றாண்டின் சுவை. அலகோ போர்க்காலத்தில் பிறந்தது. இரண்டையும் ஒரே பிடியில் சேர்த்தால் இரண்டுமே கெடும்.

2023 ஜனவரி 15, இரவு

‘போலிப் பழம்பொருள் ஆகாதா’ என்ற இரண்டாவது கேள்விக்குத் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் தொடக்கநிலைச் சேகரிப்பாளர் எல்லோரும் இந்த இடத்தில் தயங்கி நிற்கிறார்கள்.

‘சாஞ்சோமோ’ என்று பெயர் பெற்ற வாளை எடுத்துக்கொள்ளுங்கள். அலகு 13ஆம் நூற்றாண்டில் பிஸென் நாட்டு இச்சிமோஞ்சி மரபில் அடிக்கப்பட்டது. 16ஆம் நூற்றாண்டுப் போர்த்தலைவர் உஎசுகி கென்ஷினின் குடும்பத்தில் இருந்தது. அதனோடு இன்றுவரை வந்து சேர்ந்திருக்கும் கொஷிராயே த்சுபாவே இல்லாத உஎசுகி வீட்டுப் பாணி, 16ஆம் நூற்றாண்டு வேலை. அதாவது அலகுக்கும் அதன் உறைக்கும் நடுவே ஏறத்தாழ முந்நூறு ஆண்டு இடைவெளி. இரண்டையும் சேர்த்தே ஜப்பானிய அரசு தேசியச் செல்வமாக அறிவித்திருக்கிறது. 2020இல் ஒகயாமா மாவட்டத்தின் செதோஉச்சி நகராட்சி பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி 50 கோடி யென்னுக்கு அதை வாங்கியபோது, ‘உறை பிற்காலத்தது, தள்ளுபடி கொடுங்கள்’ என்று யாரும் கேட்கவில்லை.

அலகு எஃகு, பேணினால் எண்ணூறு ஆண்டு நிற்கும். மரமும் பட்டும் தோலும் அப்படி நிற்பதில்லை. உடைந்தபோது, உரிமையாளர் மாறியபோது, வேலைப்பாட்டுச் சுவை மாறியபோது கொஷிராயே மாறிக்கொண்டே வந்திருக்கிறது. புதிது செய்வதில் பொய் இல்லை. புதியதைப் பழையது என்று சொல்லி விற்பதுதான் பொய்.

இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. வாளோடு பழைய கொஷிராயே வந்திருந்தால், அது எவ்வளவு சிதைந்திருந்தாலும் பிரித்து உதிரியாக விற்கவோ, அதன் பாகங்களைக் கழற்றிப் புதியதில் மாட்டவோ கூடாது. பழுது பார்க்கலாம், அல்லது அப்படியே விட்டுவிடலாம்.

2023 ஜனவரி 22

உறையைப் பற்றிப் பேசும் முன் அலகின் நிலையைப் பாருங்கள். துருப்புள்ளி இருக்கிறதா, கூரில் பிளவு இருக்கிறதா, மெருகு எந்தக் காலத்தது, அலகின் அடியிலுள்ள ஹபாகிக் காப்பு ஆடுகிறதா என்பவற்றுக்கு விடை கிடைக்கும்வரை ஒரு காசும் அலங்காரத்துக்குச் செலவிட வேண்டாம்.

வேலை நடக்கும் ஒழுங்கு தெரிந்தால் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது விளங்கும். மெருகாளர் முதலில் கரடான கற்களில் தொடங்கி அடிப்படைச் சாணை பிடிப்பார். அலகின் வடிவம் அப்போதுதான் உறுதிப்படும். அதன் பிறகு ஹபாகி செய்யப்படும். இது அலகும் நகாகோவும் சேரும் இடத்தில் சட்டையின் கழுத்துப்பட்டி போல் இறுகப் பிடிக்கும் செப்புக் காப்பு. உறையின் வாயில் அலகைப் பிடித்து நிறுத்துவதும் இதுவே. ஹபாகி ஆனதும் ஷிராசாயா. அதன் பிறகே அலகு மீண்டும் மெருகாளரிடம் போய், உச்சிகுமோரி, நருத்தாகி போன்ற மென்கற்களால் இறுதி மெருகு பெறும். கொஷிராயே எல்லாவற்றுக்கும் கடைசி. இந்த ஒழுங்கைக் குலைத்து, கொஷிராயே செய்த பிறகு சாணை பிடித்தால், தேய்ந்த அலகில் ஹபாகி தளரும், ஹபாகி தளர்ந்தால் உறை தளரும், எல்லாம் முதலிலிருந்து வர வேண்டியதுதான்.

ஒவ்வொரு சாணையும் எஃகைக் கொஞ்சம் தின்கிறது. மேல்தோல் போல் இருக்கும் நல்ல எஃகு தேய்ந்து, உள்ளிருக்கும் மென்னிரும்பு திட்டுத்திட்டாகத் தெரியும் வாள்களைக் காட்சிகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். இருக்கும் மெருகு போதுமென்றால் விட்டுவிடுங்கள். வேண்டியிருந்தால் பயிற்சி பெற்ற மெருகாளரிடம் மட்டும் கொடுங்கள். வீட்டில் உப்புத்தாளை எடுக்கவே கூடாது. நகாகோவின் துருவை ஒருபோதும் தொடக்கூடாது. அந்தக் கருந்துருதான் வாளின் வயதுக்குச் சாட்சி; அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கியவர் தன் வாளின் பிறப்புச் சான்றிதழைக் கிழித்தவர்.

இன்னொன்று. மெருகேற்றிய அலகைப் பழைய உறைக்குள் திரும்பச் செருகாதீர்கள். நூறு ஆண்டுத் தூசியும் துருத்துகளும் உள்ளே ஒட்டிக் கிடக்கும். முதல் முறை செருகும்போதே நீளமாக ஒரு கீறல் விழும். மெருகுக்குக் கொடுத்த கூலி முழுவதும் அந்தக் கீறலில் போய்விடும்.

2023 பிப்ரவரி 5

என்னுடைய வாளில் இது எப்படி நடந்தது என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒசாகாவில் வேலை பார்க்கிறேன். என்னிடம் உள்ளதும் மினோ மரபுதான், ஆனால் கதானா என்ற நீண்ட வாள். நீளம் 2 ஷாகுவுக்குச் சற்று மேல். பிற்காலத்தில் யாரோ அடிப்பகுதியை வெட்டிக் குறுக்கியிருக்கிறார்கள். கையொப்பம் இருந்திருந்தால் அதோடு போயிருக்கும். அதற்குத் தென்ஷோ பாணியில் கொஷிராயே செய்யச் சொன்னேன். தென்ஷோ என்பது 1573 முதல் 1592 வரை நடந்த ஆண்டுப்பெயர்; அந்தக் காலத்துப் போர்வீரர் விரும்பிய பாணி அது: நடுவில் இடை சிறுத்த பிடி, அதன் மேல் பட்டுக்குப் பதிலாகத் தோல் சுற்று, எருமைக் கொம்பில் கடைந்த கஷிரா, கருப்பு உறை. பொன்னுக்கு அங்கே இடமில்லை.

உறை செய்பவரின் பட்டறையில் உட்கார்ந்து பார்க்க ஒரு நாள் அனுமதி கிடைத்தது. ஆண்டுக்கணக்கில் உலரவிட்ட ஹோ மரப் பலகையை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, இரு பாதிகளிலும் அலகின் உருவத்தை உளியால் குடைகிறார். குடைந்த பள்ளம் சரியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் அலகில் எண்ணெயை மிக மெல்லிதாகத் தடவி, இரு பாதிகளையும் சேர்த்துப் பிடித்து, உள்ளே செலுத்தி வெளியே எடுக்கிறார். பாதிகளைத் திறந்தால், அலகு பட்ட இடத்தில் மட்டும் மரம் கருத்திருக்கிறது. அந்தக் கறையை மட்டும் சீவுகிறார். மறுபடியும் செலுத்துகிறார், மறுபடியும் திறக்கிறார். கறை விழுவது நிற்கும்வரை இது தொடர்கிறது. நல்ல உறையில் அலகின் பக்கங்கள் மரத்தைத் தொடவே கூடாது. ஹபாகியும் வாளின் முதுகும் மட்டுமே பாரம் தாங்க வேண்டும். முடிந்ததும் இரு பாதிகளையும் ஒட்டுவது சோற்றுப் பசையால். வலுவான பசை ஒன்றும் கிடைக்கவில்லை என்பதால் அல்ல. பின்னொரு நாள் உள்ளே துருப் பிடித்தால், மரம் சேதப்படாமல் பிளந்து துடைத்துவிட்டு மீண்டும் ஒட்ட வேண்டும் என்பதற்காக.

வாள் சேகரிப்பில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய இன்பம் இந்த மரவேலைதான் என்று சொன்னால், த்சுபா சேர்ப்பவர்கள் என்னை விரோதியாகப் பார்ப்பார்கள். பரவாயில்லை.

2023 பிப்ரவரி 6

‘மொத்தம் எவ்வளவு ஆகும்’ என்று கேட்பவர்களுக்கு: சாணைக் கூலி நீளத்தை வைத்து, 3.03 செ.மீ. கொண்ட சுன் கணக்கில் சொல்லப்படும். ஹபாகி, ஷிராசாயா, பிடி, உருஷி ஒவ்வொன்றும் ஒவ்வொரு கைவினைஞரின் தனிக் கணக்கு. எல்லாம் சேர்ந்து, நடுத்தர வாகிசாஷி ஒன்றின் விலையை எளிதாகத் தாண்டிவிடும். விற்கும்போது அந்தப் பணம் திரும்பி வராது. முதலீடு என்று எண்ணிச் செய்பவர் அந்தத் தொகைக்கு இன்னும் நல்ல அலகு ஒன்றை வாங்கிக்கொள்ளட்டும்.

2023 பிப்ரவரி 19

கேள்வி கேட்டவர் தம் த்சுபாவின் படத்தை அனுப்பியிருந்தார். அந்த த்சுபாவின் நடுத்துளை உங்கள் வாளின் நகாகோவைவிடச் சிறியது. ‘கொஞ்சம் அரம் போட்டால் போதும்’ என்று விற்றவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அரத்தைக் கீழே வையுங்கள்.

பழைய த்சுபாவின் நடுத்துளையைச் சுற்றிப் பாருங்கள். மேலும் கீழும் செப்புத் துண்டுகள் அடித்துச் செருகப்பட்டிருக்கும், துளையின் ஓரத்தில் உளிக்குறிகள் இருக்கும். அது எத்தனை வாள்களில் ஏறி இறங்கியது என்பதற்கான வரலாறு அது. துளை பெரிதாக இருந்தால் செப்புத் துண்டு வைத்துச் சரிசெய்யலாம். அந்தத் துண்டை நாளைக்கு எடுத்துவிடலாம். துளை சிறிதாக இருந்தால், பொருத்தமான வேறு த்சுபாவைத் தேடுவதுதான் முறை. அரம் தின்ற இரும்பு திரும்பி வராது. நான் வாங்கிய முதல் இரும்பு த்சுபாவே இப்படிக் கெடுக்கப்பட்டது. விற்றவர் படத்தில் அந்தப் பக்கத்தை மட்டும் காட்டாமல் விட்டிருந்தார். துளையின் உள்விளிம்பு புத்தம்புதிதாக மின்னியது. சுற்றிலும் முந்நூறு ஆண்டுக் கருமை. இன்று அது என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்கப் பயன்படுகிறது.

தேடினால் கிடைக்கும் என்பதில் ஐயமே வேண்டாம். 1876இல் மெய்ஜி அரசு பொதுவெளியில் வாள் அணிவதைத் தடை செய்தபோது, கொஷிராயேக்கள் பிரிக்கப்பட்டுப் பாகங்கள் பாகங்களாக விற்கப்பட்டன. மேற்குநாட்டுச் சேகரிப்பாளர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு வில்லியம் ஸ்டர்ஜிஸ் பிகலோ கொடுத்த தொகுப்பைப் பார்த்தாலே இதன் அளவு புரியும். வாள் இல்லாமல் அநாதையாய் அலையும் த்சுபாக்கள் உலகெங்கும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

அப்போது வேலை இழந்த உலோகக் கைவினைஞர்கள் என்ன ஆனார்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். சிலர் குவளையும் சட்டைப் பொத்தானும் செய்யப் போனார்கள். மிகப் பெரியவரான கானோ நத்சுவோ தடைக்கு முன்பே ஒசாகா நாணயச்சாலையில் புதிய நாணயங்களுக்கு உருவம் வடித்தார்.

2023 மார்ச் 12

ஜனவரி 15ஆம் தேதிக் குறிப்பை ஒரு படி தளர்த்துகிறேன். பொன்வேலையும் போர்க்கால அலகும் சேராது என்று எழுதியிருந்தேன். கதானாவுக்கு இன்னும் அதையே சொல்வேன். ஆனால் உங்களுடையது வாகிசாஷி என்பது இந்தக் கணக்கை மாற்றுகிறது.

எடோ காலத்தில் (1603–1868) கதானா, வாகிசாஷி என்ற இரு வாள்களையும் சேர்த்து அணிவது சாமுராயின் உரிமை. கோட்டைக்குப் பணிக்குப் போகும்போது அந்த இணையின் தோற்றத்துக்கும் கட்டுப்பாடு உண்டு: கண்ணாடி போல் மெருகேற்றிய கருப்பு உறை, வெண்மையான திருக்கைத் தோல், கருப்புப் பட்டு நாடா, கொம்பில் செய்த கஷிரா, கோத்தோ குடும்பத்துப் பாணியில் அடக்கமான உலோகவேலை. வாகிசாஷி மட்டும் அணிவதற்கோ நகரத்து வணிகர்களுக்கும் பயணத்திலும் சடங்குகளிலும் இடம் இருந்தது. கையில் பணம், அதைக் காட்டச் சட்டம் அனுமதித்த பொருள்கள் மிகச் சில. அதனால்தான் எடோவின் பிற்பகுதி வாகிசாஷிக் கொஷிராயேக்களில் சிப்பியும் பொன்னும் சிவப்பு உருஷியும் கொட்டிக் கிடக்கின்றன. முரோமாச்சி அலகு ஒன்றை 1800 வாக்கில் ஒசாகா அரிசி வணிகர் ஒருவர் வாங்கிப் பொன்னால் அழகுபடுத்தியிருப்பது முழுக்க முழுக்க நடந்திருக்கக்கூடியது.

ஆகவே உங்கள் முன் இரு வழிகள் உள்ளன. அலகு பிறந்த காலத்தைப் பின்பற்றித் தென்ஷோ பாணி. அல்லது அதன் இரண்டாம் வாழ்வைப் பின்பற்றி வணிகர் பாணி. இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் இது, கொஞ்சம் அது என்று போனால், திரைப்படத்துக்காகச் செய்த வாள் போல் ஆகிவிடும். எனக்கு முதல் வழிதான் பிடிக்கும். அது என் சுவை, சட்டம் அல்ல.

புதிதாக ஒன்றைக் கற்பனை செய்யத் தயங்குபவர்களுக்கு மூன்றாவது வழியும் உண்டு: புகழ்பெற்ற கொஷிராயே ஒன்றைப் பார்த்துச் செய்வது. போர்த்தலைவர் ஹோசோகாவா ததஓகி (1563–1646), கானேசதா என்ற கொல்லர் அடித்த தம் வாளுக்குச் செய்வித்தது கசென் கொஷிராயே. புகையூட்டிய தோல் சுற்றிய பிடியும், திருக்கைத் தோல் மேல் கருப்பு உருஷி பூசித் தேய்த்த உறையும் கொண்டது. முப்பத்தாறு பேரை அவர் அந்த வாளால் வெட்டினார், முப்பத்தாறு கவிமுனிவரை (கசென்) நினைத்து அப்பெயர் இட்டார் என்பது கதை. இப்போது அது தோக்கியோவில் எய்செய் புங்கோ தொகுப்பில் உள்ளது. ஹோசோகாவா குடும்பம் ஆண்ட ஹிகோ நாட்டு வீரர்கள் அதைப் பார்த்துத் தங்கள் வாள்களுக்கும் அப்படியே செய்துகொண்டார்கள். அதே போல் செய்வது அன்றைக்கே மரியாதையான செயல்.

2023 ஏப்ரல் 9

பிடியைப் பற்றி.

உள்ளே ஹோ மரம், அதன் மேல் திருக்கைத் தோல், அதன் மேல் சுற்று. பிடிக்கு ஏற்ற திருக்கைத் தோல் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தது; 17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கப்பல்கள் சயாமிலிருந்து மான்தோலையும் திருக்கைத் தோலையும் ஏற்றிக்கொண்டு நாகசாகிக்குப் போயின. மீனின் முதுகெலும்பின் மேலே வரிசையாகப் பெரிய மணிகள் இருக்கும். அவற்றுள் மிகப் பெரியது பிடியின் வெளிப்பக்கத்தில் கஷிராவுக்கு அருகே தெரியும்படி தோலை வெட்டுவார்கள். மலிவான வேலையில் இரு பக்கமும் இரு பட்டைகளாக ஒட்டிவிடுவார்கள். ஒரே தோலால் முழுவதையும் போர்த்தினால் மரம் பிளவுபடாமல் அது இறுக்கிப் பிடிக்கும். ‘முழுப் போர்வையா, பட்டையா’ என்று கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

சுற்றுபவரின் விரல்களைப் பார்த்தால்தான் ஒவ்வொரு சாய்சதுரமும் எப்படி ஒரே அளவில் வருகிறது என்பது விளங்கும். நாடா குறுக்கே கடக்கும் ஒவ்வோர் இடத்திலும், இரு ஓரங்களின் அடியிலும் முக்கோணமாக மடித்த சிறு காகிதத்தைச் செருகிக்கொண்டே போகிறார். வெளியே ஒரு காகிதமும் தெரியாது. அவைதான் நாடாவைத் தூக்கி நிறுத்தி, கை பட்டுப் பட்டு நழுவாமல் காக்கின்றன. கடக்கும்போது ஒரு முறை இடது நாடா மேலே வந்தால் அடுத்த முறை வலது நாடா மேலே வர வேண்டும். ஒரே பக்கமே எப்போதும் மேலே வந்தால் அது அவசர வேலை. கடையில் தொங்கும் அலங்கார வாள்களை இதை வைத்தே ஒரு நொடியில் இனம் காணலாம்.

மூங்கில் ஆணிக்குப் பதிலாகத் திருகாணி போடலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கூடாது. நன்கு காய்ந்த மூங்கில் அதிர்ச்சியை வாங்கி வளைந்து கொடுக்கும். உலோகம் நகாகோவின் துளையைத் தின்னும்.

2023 ஜூன் 18

மழைக்காலம் வந்துவிட்டது. ஒசாகாவில் இந்த வாரம் என் உறை இறுகிக்கொண்டது. வாளை உருவ இரு கட்டைவிரல்களும் வேண்டியிருக்கின்றன. ஜனவரியில் இதே உறை தளர்ந்து போயிருக்கும். மரம் உயிரோடு இருக்கிறது என்று பொருள், கவலைப்பட ஒன்றும் இல்லை. குளிர்காலத்தில் தலைகீழாகப் பிடித்தால் வாள் தானாக நழுவும் அளவுக்குத் தளர்ந்தால் மட்டும், உறையின் வாய்க்குள்ளே ஹோ மரச் சீவல் ஒன்றைச் சோற்றுப் பசையால் ஒட்டச் சொல்லுங்கள். காகிதம் திணிக்கும் கைவைத்தியம் வேண்டாம்.

இந்த ஈரப்பதத்தால் மகிழ்பவர் உருஷிக் கைவினைஞர் ஒருவர்தான். பெயின்ட் காய்வது போல் உருஷி காய்வதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை வாங்கித்தான் இறுகும். அதற்காகவே ஈரப்பதத்தை 70 விழுக்காட்டுக்கு மேல் வைத்த மரப்பெட்டிக்குள் உறையை வைக்கிறார்கள். ஒரு பூச்சு, இறுகல், தேய்ப்பு, மறுபடியும் பூச்சு. மாதக்கணக்கில் ஆகும். ‘விரைந்து முடிக்க முடியாதா’ என்று நான் கேட்டதற்கு அவர் தம் முன்கையைக் காட்டினார். இளமையில் உருஷி பட்டு வந்த கொப்புளங்களின் தழும்பு. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

2023 ஜூலை 23

மலேசியாவிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: தாத்தா காலத்திலிருந்து வீட்டில் ஒரு ஜப்பானிய ராணுவ வாள் இருக்கிறதாம், பித்தளைப் பாகங்களில் செர்ரிப் பூ, உலோக உறை. அதைக் கழற்றிவிட்டுச் ‘சாமுராய் முறையில்’ கொஷிராயே செய்யலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம். அது 1938இல் வந்த 98ஆம் வகை அதிகாரி வாளாக இருக்கலாம். அந்த ராணுவக் கொஷிராயேயே அந்த வாளின் வரலாறு. அதைக் கழற்றினால் மிஞ்சுவது பெயர் தெரியாத ஓர் அலகு. அதிகாரிகள் சிலர் குடும்பத்தின் பழைய அலகையே ராணுவ உறையில் போட்டுக்கொண்டு போர்முனைக்கு வந்தார்கள் என்பது உண்மை. அதனால் அறிந்தவர் ஒருவரைக் கொண்டு ஆணியைக் கழற்றி நகாகோவைப் பாருங்கள். பிடியைத் திருகாணி துளைத்துச் செல்கிறது, அலகில் வரிசை எண் குத்தியிருக்கிறது என்றால் அது 1935இன் 95ஆம் வகை, இயந்திரத்தில் செய்தது.

இதோடு சட்டமும் சேர்கிறது. ஜப்பானில் ஒரு வாளை வைத்திருக்க வேண்டுமென்றால் அது மாவட்டக் கல்வி வாரியத்தில் பதிவாகியிருக்க வேண்டும். மரபுமுறையில் அடித்த கலைவாளுக்கே பதிவு கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து பழுதுபார்க்க அனுப்பினால் சுங்கத்தில் அறிவித்து, காவல்துறை வழியாக, பதிவுக்கான ஆய்வுக்குப் போக வேண்டும். இயந்திர வாளுக்குப் பதிவு கிடைக்காது. அதை உள்ளே கொண்டுவரும் முயற்சியே வீண். பதிவான வாளைத் திரும்ப வெளியே எடுத்துச் செல்லும்போது பண்பாட்டு முகமையின் சான்று வேண்டும், பதிவுச்சீட்டை ஒப்படைக்க வேண்டும். ஜப்பானுக்குள் வாங்குபவர் 20 நாளுக்குள் உரிமை மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். இதையெல்லாம் இங்குள்ள நேர்மையான வணிகர் தாமாகவே செய்துகொடுப்பார். ‘அஞ்சலில் கத்தரிக்கோல் என்று எழுதி அனுப்பிவிடுகிறேன்’ என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

2023 செப்டம்பர் 3

‘கொத்தெத்சு கையொப்பம் உள்ள வாள் மிக மலிவாகக் கிடைத்தது’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கொத்தெத்சு 17ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற வாள்கொல்லர். வாழ்த்துகள். கையொப்பம் மலிவாகக் கிடைத்திருக்கிறது. வாளைத் தனியாக மதிப்பிடுங்கள். கொத்தெத்சுவைக் கண்டால் போலி என்றே எண்ணிக்கொள் என்று ஜப்பானியரே சொல்லி வைத்திருக்கிறார்கள். சங்கத்தின் சான்றிதழ் வரும்வரை அதற்குக் கொஷிராயே பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம்.

2023 நவம்பர் 12

கேள்வி கேட்டவர் தென்ஷோ பாணி என்று முடிவு செய்துவிட்டார். ஃபுச்சி, கஷிராவை விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் வேலைப்பாடு குறைந்த இரும்பு த்சுபா ஒன்றை வாங்கியிருக்கிறார். நடுத்துளை பெரிதாக இருப்பதால் செப்புத் துண்டு செருகி நிறுத்துவார்கள். இருக்கும் மெருகு போதும் என்று மெருகாளரும் சொல்லிவிட்டார். நல்ல செய்தி, பாதிச் செலவு மிச்சம்.

மீதமுள்ளவை சில. ஷிராசாயாவை விட்டுவிடாதீர்கள், கொஷிராயே வந்த பிறகும் அலகு அதில்தான் வாழ வேண்டும். உருஷி பூசிய உறை மூச்சுவிடாது, உள்ளே புகுந்த ஈரம் வெளியேறாது. கொஷிராயேவுக்குள் அலகின் இடத்தில் த்சுனாகி என்ற மர அலகைச் செருகி வைப்பார்கள். அதற்கும் விலை கேட்டுக்கொள்ளுங்கள், சிலர் தனியாகக் கணக்கிடுகிறார்கள். செப்புத் தட்டுகளான செப்பாவை த்சுபாவின் இருபுறமும் புதிதாகச் செய்யச் சொல்லுங்கள், பழையது ஒன்றைத் தேடி அலைய வேண்டாம். வேலைக்கு அனுப்பும் முன் நகாகோவின் இரு பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

போலி ஆகிவிடுமோ என்ற உங்கள் முதல் அச்சத்துக்கு மருந்து கையருகிலேயே இருக்கிறது. பிடியின் மரத்தில் தோல் போர்த்தும் முன்பும், த்சுனாகியின் மேலும், செய்தவர் பெயரையும் ஆண்டையும் மையால் எழுதித் தரும்படி கேளுங்கள். தோல் சுற்று எந்த நிறம் என்பதை மட்டும் இந்த மாதத்துக்குள் சொல்லிவிடுங்கள். புகையூட்டிய மான்தோல் ஒரு முறை தீர்ந்தால் அடுத்த கட்டு அதே நிறத்தில் வராது.